கரிசலில் பெய்த மழை எங்கே போகும்?

பதினோராம் வகுப்பு படிக்கும்போது ஒரு காதல் கவிதை எழுதினேன். அந்த வாரம்தான் தமிழய்யா குறுந்தொகையின் நாற்பதாவது பாட்டை நடத்தியிருந்தார். 'செம்புலப் பெயல்நீர் போல அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே' என்ற வரி இரண்டு நாள் காதை விட்டுப் போகவில்லை. சிவந்த மண்ணில் மழை விழுந்து, மண்ணும் தண்ணீரும் ஒரே நிறமாகி ஓடுகிற மாதிரி நானும் என் பங்குக்கு ஒரு பக்கம் எழுதி, வீட்டில் அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் தாலாட்டு, ஒப்பாரி, கும்மி என்று நூறு பாட்டு மனப்பாடம்.

முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு மருமகனே. ஆனா நம்ம காட்டுல என்னைக்குய்யா செவந்த தண்ணி ஓடுச்சு? முத மழை ஓடவே ஓடாதே. வெடிப்பு குடிச்சிருமே."

எங்கள் ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே, முழுக்கக் கரிசல். வானம் பார்த்த பூமி. கம்பு, உளுந்து, பாசி, பருத்தி, கொத்தமல்லி என்று எல்லாமே மழையை நம்பித்தான். ஆறு கிடையாது, அருவி கிடையாது. மலை என்றால் ரொம்பத் தெளிவான நாளில் மேற்கே நீலமாக ஒரு கோடு தெரியும், அவ்வளவுதான். பதினாறு வருடம் அந்த மண்ணில் நடந்திருக்கிறேன், சித்திரை வைகாசியில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும் காட்டில் கோலிக்குண்டு விளையாடி, குண்டு வெடிப்புக்குள் விழுந்தால் போனதுதான் என்று விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஆனால் கவிதை எழுத உட்கார்ந்தவுடன் எனக்கு வேறு யாருடைய மண்ணோ வந்து நின்றது. அத்தை கேட்டது குத்தலாக இல்லை, உண்மையிலேயே சந்தேகமாகத்தான் கேட்டார். அதனால்தான் மனதில் தங்கிவிட்டது.

அந்த வருடம் புரட்டாசியில் முதல் மழைக்குக் காத்திருந்து பார்த்தேன். அத்தை சொன்னது அப்படியே நடந்தது. பெரிய பெரிய துளியாக விழுந்தது, மண்வாசனை குப்பென்று எழுந்தது, ஆனால் தரையில் தண்ணீர் நிற்கவே இல்லை. வெடிப்புகள் அத்தனையையும் வாங்கிக்கொண்டன. இரண்டாவது, மூன்றாவது மழைக்குப் பிறகுதான் மண் ஊதி, வெடிப்பு ஒவ்வொன்றாக மூடிக்கொண்டது. அப்புறம் காட்டுக்குள் கால் வைக்க முடியாது. ஒரு எட்டு வைத்தால் ஒரு கிலோ மண் பாதத்தில் ஏறும். பத்து எட்டு நடந்தபிறகு காலே நம்முடையது இல்லை என்கிற மாதிரி கனக்கும், குச்சியால் வழித்துப் போட்டுவிட்டுத்தான் நடக்க வேண்டும். இதற்குக் காரணம் கரிசலில் இருக்கும் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் என்று பிற்பாடு படித்தேன். அது தண்ணீரைத் தன் அடுக்குகளுக்கு இடையே இழுத்து உப்பிக்கொள்ளும், காய்ந்தால் சுருங்கிப் பிளந்துவிடும். அதனால்தான் மழை நின்றபிறகும் கரிசல் வெகுநாள் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, பனி ஈரத்தோடு சேர்த்துக் கொத்தமல்லி அதிலேயே விளைந்துவிடுகிறது.

செம்மண் பாட்டு பொய்யா என்றால், இல்லை. எங்கள் ஊரிலிருந்து மேற்கே போனால் செவக்காடு வந்துவிடும். அந்தப் பக்கம் இடைசெவல் என்று ஊர்ப் பெயரிலேயே செவல் இருக்கிறது. சித்தி வீடு அப்படி ஒரு செவக்காட்டு ஊரில். அடுத்த ஐப்பசியில் அங்கே போயிருந்தபோது நல்ல மழை. வண்டிப்பாதையில் கணுக்கால் அளவுக்குச் செக்கச்செவேல் என்று தண்ணீர் ஓடியது. உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தேன். மண்ணைத் தனியாக, தண்ணீரைத் தனியாகப் பிரிக்க முடியவில்லை. அந்தப் பாட்டை எழுதியவரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவர் கண்ட உவமையை வைத்தே செம்புலப்பெயனீரார் என்று அழைக்கிறோம். ஒரு நிலத்தை ஒருமுறை சரியாகப் பார்த்ததற்கு இரண்டாயிரம் வருடத்துக்குப் பெயர் கிடைத்திருக்கிறது. சித்தி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதை நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

கரிசல்காரன் அதே காதலைச் சொல்ல என்ன செய்வான்? இந்தக் கேள்வியோடு பல வருடம் இருந்தேன். கடைசியில் வந்தது நாலே வரி:

கோடையெல்லாம் வாய்பிளந்து கிடந்த காடு
மூன்றாம் மழையில் மூடிக்கொண்டது.
நீ நடந்து போன தடம்
எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

இது பெரிய கவிதை என்று சொல்ல வரவில்லை. ஆனால் நான் எழுதியதில் முதல்முதலாக என் காட்டில் முளைத்தது இதுதான்.

இடைப்பட்ட வருடங்களில் கற்றுக்கொண்டதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எழுதுகிறவர்களுக்கும் வரைகிறவர்களுக்கும் உதவலாம்.

கல்லூரியில் தொல்காப்பியம் படித்தபோது முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்பதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு மறந்தாயிற்று. சென்னைக்கு வேலைக்கு வந்து, எதை எழுதினாலும் சாரமில்லாமல் போகிறதே என்று தவித்த காலத்தில் திரும்ப எடுத்துப் பார்த்தேன். இதை ஒரு பட்டியலாக மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டார்களே என்று வருத்தமாக இருந்தது. ஏனென்றால் அதில் வேலை செய்கிற முறையே இருக்கிறது. முதலில் நிலமும் பொழுதும். பிறகு அங்கே வாழும் மரம், பறவை, விலங்கு, தொழில், உணவு, பறை, யாழ். இதெல்லாம் நிற்கிற இடத்தில்தான் உரிப்பொருள், அதாவது மனசு, வந்து உட்காருகிறது. நானோ எப்போதும் மனசில் ஆரம்பித்து, அப்புறம் அதற்குப் பின்னால் தொங்கவிட ஒரு நிலத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பொழுது விஷயத்தை அவர்கள் எவ்வளவு கறாராக வைத்திருக்கிறார்கள் பாருங்கள். முல்லைக்குக் கார்காலமும் மாலையும், குறிஞ்சிக்குக் கூதிர் என்ற குளிர்காலமும் யாமம் என்ற நள்ளிரவும், பாலைக்கு வேனிலும் நண்பகலும். ஒரே காடு காலை ஆறு மணிக்கு ஒரு பாட்டு, உச்சிப்பொழுதில் வேறு பாட்டு. அதனால் ஒரு நோட்டு போட்டேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் கண்மாய்க் கரையில் ஒரே கருவேல மரத்தடியில் உட்கார்ந்து எழுதுவேன். தமிழ் மாதம், தேதி, எத்தனை மணி, காற்று எந்தப் பக்கமிருந்து, என்ன பூத்திருக்கிறது, என்ன சத்தம் கேட்கிறது. ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: அழகு, சோகம், தனிமை, அமைதி மாதிரி எந்தச் சொல்லும் அந்த நோட்டில் வரக்கூடாது.

முதல் ஆறேழு முறை வெறும் கணக்குப் புத்தகம் மாதிரிதான் இருந்தது, மேலக்காற்று, ஆவாரம்பூ, மயில், டிராக்டர் என்று. விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஒரு மார்கழிக் காலையில் கரையோரம் ஒரு மடையான், குளத்துக் கொக்கு, நின்றது. நாற்பது நிமிடம் பார்த்தேன். அது ஆறு எட்டுகூட வைக்கவில்லை. காலைப் பார்த்தபோதுதான் சட்டென்று கபிலரின் குறுந்தொகைப் பாட்டு, இருபத்தைந்தாவது, ஞாபகம் வந்தது. தலைவன் வந்து சேர்ந்த அன்று சாட்சிக்கு யாருமே இல்லை, 'தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால' குருகு ஒன்று மட்டும் ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றது என்பாள் தலைவி. தினைத்தாள் மாதிரிப் பச்சையோடிய மெல்லிய கால்! எனக்கு முன்னால் அதே கால். அந்தப் பறவைதான் இது என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் அது என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை, தண்ணீரைத்தான் பார்த்தது. இருந்த ஒரே சாட்சியும் மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது என்கிற அந்தப் பெண்ணின் பயம் வகுப்பில் எனக்குப் புரிந்திருக்கவில்லை. மடையானுக்கு முன்னால் நாற்பது நிமிடம் உட்கார்ந்தபோது புரிந்தது. பாட்டில் எங்கேயும் பயம் என்ற சொல் கிடையாது.

2018-இல் கொடைக்கானலில் குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கிற நீலக்குறிஞ்சி, அதற்கு முன்னால் பூத்தது 2006. விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். நான் எதிர்பார்த்தது வேறு. தனியாக ஒரு பூவைப் பார்த்தால் சின்ன மணி மாதிரி இருக்கிறது, அவ்வளவு ஒன்றும் இல்லை. சரிவு முழுக்கச் சேர்ந்து நிற்கும்போதுதான் அது குறிஞ்சி. குனிந்து செடியைப் பார்த்தேன், தண்டு கருத்து, விறகு மாதிரிக் கெட்டியாக இருந்தது. 'சாரல் கருங்கோல் குறிஞ்சிப் பூக்கொண்டு பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே' என்று தேவகுலத்தார் பாடியதில் அந்தக் கருங்கோல் என்ற ஒரு சொல்லுக்காகவே மலையேறி வந்த அலுப்பெல்லாம் போய்விட்டது. அவர் முதலில் நிலத்தைவிடப் பெரியது, வானத்தைவிட உயர்ந்தது, நீரைவிட ஆழமானது என்கிறார். என் தாழ்மையான அபிப்பிராயம், அந்த அளவு வரைக்கும் ஊரில் உட்கார்ந்தே யாரும் எழுதிவிடலாம். கருத்த தண்டையும் அந்தப் பூவிலிருந்து தேன் கட்டுவதையும் சரிவில் நின்றவர்தான் எழுத முடியும். அந்த இரண்டு விவரம் வந்து தாங்கியபிறகுதான் மேலே உள்ள பெரிய வார்த்தைகளும் நம்பும்படி ஆகின்றன. இத்தனை வருடம் காத்திருந்து பூக்கிற செடியைக் காதலுக்குப் பக்கத்தில் வைத்தவர் காத்திருப்பு என்று எங்கேயும் சொல்லவில்லை. குறிஞ்சியைத் தெரிந்தவருக்கு அது தானாகக் கேட்கும்.

வரைவதிலும் எனக்கு இதே கதைதான். சின்ன வயதில் எங்கள் வீட்டுச் சுவரில் சிவகாசி காலண்டர்கள். லட்சுமி, முருகன், பின்னால் ஆறு, தாமரைத் தடாகம், அன்னம், பச்சை மலை. அந்தக் காலண்டர் ஓவியத்தின் பெரிய ஆசான் கொண்டையராஜு எங்கள் கோவில்பட்டியிலேயே வாழ்ந்து 1976-இல் காலமானவர். நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைந்துகொண்டு வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். வெளியே காய்ந்து கிடக்கிற ஊரிலிருந்து நாடு முழுக்கத் தாமரைத் தடாகங்கள் போயிருக்கின்றன! ஒரு காலத்தில் இதை ஒரு பொய் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றுவிட்டு வருகிற வீட்டில் அந்த ஆறு சுவரில் இருக்க வேண்டியிருந்தது. இல்லாத நிலமும் மனிதரை வரைய வைக்கும்.

ஆனால் நான் இருக்கிற நிலத்தை வரைய ஆசைப்பட்டேன், அதில் முதலில் தோற்றது நிறத்தில். கரிசல்தானே என்று கறுப்பு ட்யூபைப் பிதுக்கிப் பூசினேன். படம் தார் ரோடு மாதிரிச் செத்துக் கிடந்தது. நிஜத்தில் காய்ந்த கரிசல் கறுப்பே இல்லை, பழைய சிலேட்டு மாதிரிச் சாம்பல், மேலே வெயில் பட்டால் லேசாகப் பழுப்பு. நனைந்தால்தான் கறுக்கும், அப்போதும் உள்ளே ஒரு நீலம் இருக்கும். பர்ன்ட் சியன்னாவோடு அல்ட்ராமரின் நீலத்தைக் கலந்தால் அது கிடைக்கிறது. நீலம் தூக்கலாகப் போட்டால் மழைக்குப் பிந்திய காடு, பழுப்பு தூக்கலாகப் போட்டுத் தண்ணீர் அதிகம் சேர்த்தால் வைகாசிக் காடு. நீர்வண்ணத்தில் வரைகிறவர்கள் செய்து பாருங்கள், கறுப்பு ட்யூப் தேவையே இருக்காது. இன்னொன்று, போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து வீட்டில் வைத்து வரைவதை விட்டுவிட்டேன். போன் எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறது, அதனால் நாம் எதையும் பார்ப்பதில்லை. முதலில் பத்து நிமிடம் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, அதற்கப்புறம் வேண்டுமானால் படம் எடுக்கலாம்.

எழுத்துக்கு வந்தால், பெயர் தெரிய வேண்டும். 'ஒரு பறவை கத்தியது', 'காட்டுப் பூக்கள்' என்று எழுதுகிறவரை அந்த நிலம் நமக்குக் கதவைத் திறப்பதில்லை. ஆட்காட்டியா, கௌதாரியா, செம்போத்தா? கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களுக்கு என்றே 1982-இல் ஒரு சொல்லகராதி கொண்டுவந்தார், தமிழில் வட்டார வழக்குக்கு அப்படி ஒரு முயற்சி அதற்கு முன் இருந்ததில்லை. அவரும் கு. அழகிரிசாமியும் இடைசெவல்காரர்கள், பூமணியும் சோ. தர்மனும் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காரர்கள். நாலு பேருக்கும் சாகித்திய அகாதெமி விருது வந்திருக்கிறது, 1970-இல் தொடங்கி 2019 வரை. ஒன்றுமே இல்லாத பொட்டல் என்று பஸ்ஸில் போகிறவர்கள் சொல்கிற மண் இது. சோ. தர்மனுக்கு விருது வாங்கித் தந்த நாவல் ஒரு கண்மாயைச் சுற்றித்தான் நடக்கிறது. நான் பதினாறு வயதில் எழுத ஒன்றுமில்லை என்று நினைத்துத் தாண்டிப்போன அதே மாதிரிக் கண்மாய்.

நான் அத்தையிடமிருந்து சேர்த்தேன். காற்றுக்கே வாடை, கொண்டல் என்ற கீழைக்காற்று, மேலக்காற்று, கோடைக்காற்று. மழை வருமுன்னே விதைத்து வைப்பது புழுதி விதைப்பு. வயலுக்கு வயல் எல்லை பொழி. கேட்டு எழுதும்போது ஒன்று கவனித்தேன், 'இதுக்கு என்ன பேரு' என்று கேட்டால் அத்தை யோசிப்பார், தடுமாறுவார். கூடவே களை எடுத்துக்கொண்டு நடந்தால் தானாக வரும். அதனால் வார்த்தை சேகரிக்கப் போகிறவர்கள் நோட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, கையில் ஒரு வேலையை வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்றைய நிலத்தையும் விட்டுவிடக் கூடாது. கயத்தாறு பக்கம் ஆனி ஆடிக் காற்றில் சுற்றுகிற காற்றாலைகள், காலை ஏழு மணிக்குப் பெண்களை ஏற்றிப் போகிற தீப்பெட்டி ஆபீஸ் வேன், கண்மாய் முழுக்க மண்டிய சீமைக்கருவேலம், கம்பு இருந்த இடத்தில் மக்காச்சோளம். இதெல்லாம்தான் இப்போது எங்கள் கருப்பொருள். இவற்றை ஒதுக்கிவிட்டு மாட்டுவண்டியையும் கமலையையும் மட்டும் எழுதினால் அதுவும் நான் முதலில் செய்த தப்புதான், கடன் வாங்கிய நிலம். வாங்கிய இடம் பக்கத்து ஊராக இல்லாமல் தாத்தா காலமாக இருக்கும், அவ்வளவே வித்தியாசம். சென்னையில் இருக்கும் நண்பர்கள் எங்களுக்கு ஏது நிலம் என்பார்கள். அடையாறு கடலில் சேருகிற முகத்துவாரத்துக்கு கடல்நீர் ஏறி இறங்குகிற நேரத்தில் ஒரு மாலை போய்ப் பார்க்கச் சொல்வேன். நெய்தல் அங்கேதான் இருக்கிறது, நாற்றமும் சேர்ந்து.

போன புரட்டாசியில் ஊருக்குப் போயிருந்தேன். அத்தைக்கு இப்போது முட்டி வலி, காட்டுக்குப் போவதில்லை, திண்ணையோடு சரி. இத்தனை வருடம் கழித்து அந்த நாலு வரியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"மூடிக்கிடுச்சுன்னு எழுதியிருக்க. சரிதான். ஆனா தண்ணி உள்ள எறங்கும்போது ஒரு சத்தம் வருமே மருமகனே, அத எழுதலையே?"

எனக்கு அப்படி ஒரு சத்தம் இருப்பதே தெரியாது. மழையை நான் எப்போதும் கண்ணால் மட்டும்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் ஓரமாக ஒதுங்கி நின்று. விடுப்பை மூன்று நாள் நீட்டித்தேன். இரண்டாவது ராத்திரி கொண்டல் திரும்பியது. ஒன்பது மணிக்கு மேல் மழை பிடித்ததும் உரச்சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, டார்ச்சோடு பொழியில் போய் உட்கார்ந்தேன். முதலில் மழைச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. மழை கொஞ்சம் ஓய்ந்தபிறகு வெடிப்புக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனேன்.

நோட்டில் எழுதியிருப்பது இது: 'புரட்டாசி, ராத்திரி பத்தே கால். கொண்டல். தண்ணீர் இறங்க இறங்க உள்ளே இருந்த காற்று குமிழ் குமிழாக மேலே வருகிறது. ஊருணியில் குடத்தை அமுக்கும்போது கேட்கிற அதே சத்தம். காடு முழுக்க.'